குடியம் பாறையில் ஏற்றாத கற்பூரம்

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆவடியிலிருந்து பைக்கில் கிளம்பினோம். பட்டாபிராம் தாண்டும் முன்பே தூறல். திருவள்ளூர், பூண்டி ஏரி வழியாகக் குடியம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். லீவு நாளில்கூட மனிதனைத் தூங்க விடுவதில்லை என்று வழக்கம்போல் என்னால் புலம்ப முடியவில்லை. என் மனைவி ரேவதியின் தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க அவள் பரிசோதனை செய்திருந்தாள். பொருந்துமா என்று மறுநாள் தெரியும். குடியம் குகை அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினால் நினைத்தது நடக்கும் என்று எங்கள் குவார்ட்டர்ஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொருந்தாவிட்டால் தம்பிக்கு ஆபத்து, பொருந்தினால் இவள் வயிற்றில் கத்தி. எனக்கு இரண்டு பக்கமும் பயம்தான்.

குடியம் ஊரிலிருந்து முனுசாமி என்பவர் வழிகாட்ட வந்தார். கூலி முந்நூறு ரூபாய். முள்ளுக்காட்டில் நாலு கிலோமீட்டர் நடை. முதலில் வந்த குகை சின்னது.

“இதுக்கா இவ்ளோ தூரம்?” என்றேன்.

“அவசரப்படாத சார். பெரிசு அந்தாண்ட கீது.”

இருந்தது. மூன்று மாடி உயரப் பாறை. அடிப்பகுதி அரித்துப்போய், மேற்பகுதி மட்டும் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. உடம்பெல்லாம் கூழாங்கல் பதிந்து, அசப்பில் கடலை உருண்டைதான். கற்காலத்து ஆட்கள் இதனடியில் குடியிருந்தார்களாம். நோயாளிகளை வைத்துக்கொண்டு எத்தனை பேர் இங்கே விழித்திருந்தார்களோ.

பாறையைச் சுற்றிவந்து அம்மன் முன் நின்றதும் ரேவதி கற்பூரப் பொட்டலத்தை எடுத்தாள். முனுசாமி பதறிப்போய் மேலே காட்டினார். பாறைக் கூரையில் முறம் முறமாகத் தேனடைகள்.

“கொளுத்தாதம்மா. பொகை பட்டா நம்மள சும்மா உடாது.”

“ஒண்ணே ஒண்ணுண்ணா. உடனே அணைச்சிடறேன்.”

“நேந்துகினு வர்றவங்க அல்லாரும் இதான் சொல்றாங்க. அடை இல்லாத மாசத்துல ஏத்திக்கலாம். இப்ப கும்புட்டுகினு வா, ஆத்தா கோச்சிக்காது.”

கும்பிட்டாள். திரும்பும் வழியெல்லாம் பொட்டலம் அவள் கைக்குள்ளேயே இருந்தது. பூண்டியில் டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

மறுநாள் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தேன். “ஏத்தாம வந்துட்டேனே” என்பதைத் தவிர அவளிடம் வேறு பேச்சில்லை.

தம்பி இன்னும் டயாலிசிஸில்தான் இருக்கிறான். பொட்டலம் எங்கள் சாமி அலமாரியில் இருக்கிறது. அவள் அதை ஏற்றவும் மாட்டாள், எறியவும் விடமாட்டாள். நேற்று எடுத்து அமுக்கிப் பார்த்தேன். பிரிக்காத காகிதத்துக்குள் கற்பூரம் தானாகவே காற்றில் கரைந்து பாதிதான் இருந்தது.