தூக்குச் சட்டியை விட்டுவிட்டு எழுதிய கதை

எங்கள் தமிழ்ப்பள்ளி வாத்தியார் எந்தக் கதையையும் சும்மா விடமாட்டார். முடித்த கையோடு, "சரி, இதுல என்ன நீதி?" என்பார். முதலில் எழும் கை என்னுடையது. சிங்கம் வந்தால் அகங்காரம், குரங்கு வந்தால் அவசரபுத்தி என்று எதற்கும் ஒரு நீதி தயாராக வைத்திருப்பேன். பன்னிரண்டு வயதில் அவ்வளவு மண்டைக்கனம் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் சிறுவர் பக்கம் ஒன்று வரும். பிள்ளைகள் எழுதும் கதைகளைப் போடுவார்கள். கடைசி வரியில் நீதி இருந்தாக வேண்டும். மூன்று கதை அனுப்பினேன், ஒன்றும் வரவில்லை. எப்படியாவது என் பெயரை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது.

அப்போது நாங்கள் மலாக்காவில், காஜா பேராங்கில் வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்து வீடு ஒரு செட்டி அம்மாவுடையது. மலாக்கா செட்டிகள் நம்மைப் போலவே சாமி கும்பிடுவார்கள், திருநீறு பூசுவார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தமிழ் எழுத்து அந்த அம்மாவுக்கு ஒன்றுகூடத் தெரியாது. கணவர் இறந்த பிறகு பலகாரம் சுட்டு விற்றுப் பிழைத்தார். நான் அவரை 'மாக்சிக்' என்பேன், மலாயில் சின்னம்மா மாதிரி.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருஷம் அது. போகியன்று செட்டி வீடுகளில் இறந்துபோன முன்னோருக்குப் படையல் போடுவார்கள். காலையிலிருந்தே இறால் சம்பல் வாசனை வேலி தாண்டி வந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் சமையலறை வழியாக உள்ளே போனேன். கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. ஒரு இறாலை எடுக்கக் கை நீட்டினேன். மாக்சிக் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"துங்கு டுலு, நாக்" என்றார். கொஞ்சம் பொறு, பிள்ளே என்று அர்த்தம். செத்துப்போன பெரியவர்கள் முதலில் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று சொல்லி, என்னை வெளியே அனுப்பிக் கூடத்துக் கதவைச் சாத்தினார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வீட்டுக்கு வந்து புலம்பப் போய், அம்மாவிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"படையலுக்கு முந்தி யாருடி சோறு போடுவா? நம்ம வீட்ல மட்டும் போடுறோமா? நாக்க அடக்கு!"

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மாக்சிக் வீட்டிலிருந்து தூக்குச் சட்டி வந்தது. நாலு அடுக்கு. மேலடுக்கு நிறைய எனக்கென்றே இறால். விரல் நக்கி நக்கிச் சாப்பிட்டேன்.

அந்த இறாலைத் தின்ற கையால்தான் கதையும் எழுதினேன். மாக்சிக் போடுவது போலவே கெபாயாச் சட்டை போட்ட ஒரு கஞ்சப் பெண் ஏழெட்டு இலையில் விருந்து பரப்புகிறாள், பசித்து வந்த பிள்ளையைத் துரத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தூக்குச் சட்டி வந்ததையும் முதலில் எழுதித்தான் பார்த்தேன். அதை எழுதினால் நீதி வரமாட்டேன் என்றது. அடித்துவிட்டேன். 'கதவைச் சாத்திக்கொண்டு உண்பவர் வீட்டில் மகிழ்ச்சி தங்காது' என்று முடித்தேன். தெரியாமல் செய்தேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

கதை வந்துவிட்டது! படத்தோடு வந்தது. வாத்தியார் வகுப்பில் படித்துக் காட்டினார். படிக்கத் தெரியாத அம்மா பெருமையாக வேலி தாண்டி நீட்டிய பேப்பரில் கெபாயாவையும் வாழை இலைகளையும் பார்த்துவிட்டு மாக்சிக் என்னை மடக்கினார்.

"இது என் வீடுதானே? படிச்சுச் சொல்லு" என்றார் மலாயில்.

பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வாய் கூசாமல் பொய் படித்தேன். நல்ல மனசுள்ள ஒரு அம்மா முன்னோருக்குப் படைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வயிறாரச் சோறு அனுப்பினாள் என்று. உண்மையில் நடந்ததும் அதுதான், அச்சில்தான் அது இல்லை. மாக்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுவாரமே அந்தப் பேப்பர் துண்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்தில் கணவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

அய்யோ, அந்தச் சட்டம்! அவர் வீட்டுக்கு யார் போனாலும், தமிழ் படிக்கத் தெரிந்தவரா என்று வேலியோரம் நின்று பார்ப்பேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை போனேன். போய்ப் பலகாரம் தின்றுவிட்டு வந்தேன்.

சுதந்திரம் வந்து சில வாரம் கழித்து, புக்கிட் ரம்பாயிலிருந்து வரும் தமிழ்ப் பால்காரர் மழைக்கு அந்தக் கூடத்தில் ஒதுங்கினார். நானும் அங்கேதான் இருந்தேன். அவர் சுவரைப் பார்த்து வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். "என்னம்மா, உங்களைக் கஞ்சம்னு திட்டி எழுதியிருக்கு, அதைப் போய்க் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கீங்க?" என்று மலாயில் கேட்டார். மாக்சிக் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மழையில் ஓடிவிட்டேன்.

மறுநாள் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. மாக்சிக் திட்டவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. வேலியருகே பார்த்தால் எப்போதும்போல், "சாப்பிட்டியா?" என்றார். நாலு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நானாவது காலில் விழுந்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

அடுத்த போகி வந்தது. அடுப்பு வாசனை வேலியைத் தாண்டி வந்துகொண்டிருக்கும்போதே தூக்குச் சட்டியோடு மாக்சிக் எங்கள் வாசலில் நின்றார். அடுக்கெல்லாம் கொதிக்கக் கொதிக்க இருந்தது.

"படையல் முடிஞ்சிருச்சா?" என்று அம்மா கேட்டார்.

"இன்னும் இல்ல" என்றார் மாக்சிக். சட்டியை என் கையில் கொடுத்து, "மாக்கான் டுலு, நாக்" என்றார். நீ முதல்ல சாப்பிடு, பிள்ளே.

அவர் போன பிறகு அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "இது என்னடி கூத்து? செத்தவங்களுக்கு முந்தி உனக்கா?"

சட்டியைத் திறக்காமல் வேலியருகே போய் நின்றேன். கூடத்தில் இலைகள் வெறுமையாகக் கிடந்தன. நான் சாப்பிட்டிருப்பேன் என்று தோன்றும்வரை காத்திருந்துவிட்டு, பிறகுதான் மாக்சிக் கணவர் படத்துக்கு முன்னால் முதல் கரண்டி சோறு வைத்தார். அன்று அந்தக் கூடத்துக் கதவை அவர் சாத்தவே இல்லை.