விலாவின் மேல் இரண்டு கைகள்

எழுபதுகளில், மூணாறு மலையில் தேயிலை சலிக்கும் வேலையில் இருந்த என் மனைவிக்கு இழுப்பு வந்தால், "நல்லா உள்ள இழு, இழு!" என்று பக்கத்தில் நின்று கத்துவேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். ஒருநாள் ஊசி போட்டும் முழுசாக அடங்கவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த பிசியோதெரபிப் பெண், "அண்ணன் கொஞ்சம் சும்மா நிக்கணும்" என்று என்னை அடக்கிவிட்டு, மனைவியின் விலாவில் இரு கைகளையும் வைத்தாள்.

"இழுக்க வேண்டாம் சேச்சி, மெல்ல வெளிய விட்டாப் போதும்."

மூச்சு வெளியேறும்போதெல்லாம் அந்தக் கைகள் இதமாக அமுக்கியபடி கூடவே இறங்கின. கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சின் விசில் சத்தம் தணிந்தது. ஒரு சொல்லுக்கே தவித்தவள், ஒரே மூச்சில் என்னை ஏசினாள்:

"என்னத்த வாயப் பொளந்துட்டு நிக்கிறீரு, இந்தப் பொண்ணுக்குக் காப்பித்தண்ணி வாங்கியாரும்!"

எட்டு வார்த்தை! விரல் விட்டு எண்ணிவிட்டு, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.