வசந்தா அணைத்த மைக்: மின்சார காருக்கு டேஷ் கேம் வாங்கப் போன கதை

இந்த வலைப்பூவில் கடைசியாக எழுதியது ஈப்போ பயணம். அதற்குப் பிறகு ஆளையே காணோமே என்று பின்னூட்டம் போட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: என் மனைவி வசந்தா இறந்துபோய்விட்டாள். எட்டு மாதம் ஆகிறது. இங்கே நான் எழுதிய ஒவ்வொரு பயணத்திலும் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து வழி சொன்னவள் அவள். வழி தப்பினால் என்னைத் திட்டியவளும் அவள்தான். அவள் இல்லாமல் எங்கே போவது, எதை எழுதுவது?

போன சனிக்கிழமை போய் வந்ததைப் பயணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிங்கப்பூருக்குள்ளேயே தெம்பனிஸில் கிளம்பி, சிராங்கூன் சாலையில் நின்று, ஜூரோங் போய்த் திரும்பினேன். எல்லாம் சேர்த்து எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. பழைய பெட்ரோல் காரின் பத்து வருட உரிமம் முடிந்து அதை உடைக்கக் கொடுத்தாயிற்று. மகள் வற்புறுத்தி ஒரு மின்சார கார் வாங்க வைத்தாள். அதற்கு டேஷ் கேம், அதாவது முன்கண்ணாடியில் இருந்து சாலையைப் பதிவு செய்யும் கேமரா, பொருத்த வேண்டும். பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பக்கம் கார் ஓட்டுகிறவர்களுக்கு அது எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் உண்மையான காரணம் வேறு. பழைய காரின் கேமராவைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தேன். மூவார், மலாக்கா, கேமரன் மலை, ஈப்போ எல்லாவற்றுக்கும் எங்களோடு வந்தது அது. வசந்தாவின் குரல் என்னிடம் வேறு எங்குமே இல்லை. கைப்பேசியில் வீடியோ எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயை மூடிக்கொள்வாள். குரல் பதிவு அனுப்பு என்றால், "எனக்கு டைப் பண்ணத் தெரியாதா?" என்பாள். காரில் ஏறினால் மட்டும் பேச்சு ஓயாது. அந்தப் பேச்செல்லாம் கேமராவுக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஏன் இத்தனை மாதம் எடுத்துக் கேட்கவில்லை என்றால், பயம். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டால், அவள் சொல்லி நான் கேட்காதது என்று உலகத்தில் எதுவும் மிச்சமிருக்காதே.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். சிராங்கூன் சாலை பதினான்கு கிலோமீட்டர். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் அங்கே கார் நிறுத்த இடம் தேடுவது பெரும்பாடு, முன்னதாகவே போய்விடுங்கள். தோசையும் கோப்பியும் சாப்பிட்டுவிட்டு, மின்பொருள் கடை ஒன்றில் புது மெமரி கார்டு வாங்கினேன், 42 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சாதாரண கார்டு வேண்டாம். கேமராவுக்கென்றே, வெயிலையும் ஓயாத பதிவையும் தாங்குகிற கார்டு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் பூக்கடை. வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு முழம் மல்லி வாங்கி, காரின் பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கவிடுவது வசந்தாவின் வழக்கம். கேமராவின் பாதிப் பார்வையை அது மறைக்கும். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரனுக்கு மல்லிகையைத்தான் காட்ட வேண்டியிருக்கும் என்று நான் கேலி செய்வேன், அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

பூக்காரப் பெண் என்னைப் பார்த்ததும், "என்ன அண்ணே, ரொம்ப நாளாச்சு. அக்கா வரலையா?" என்று கேட்டார்.

"வரலம்மா."

"கால் வலியா? அவங்கதான் எப்பவும் சொல்வாங்களே."

நான் தலையை ஆட்டி வைத்தேன். அவர் ஒரு சாண் கூடுதலாக அளந்து, "அக்கா தலைக்கு" என்று சொல்லிக் கொடுத்தார். சொல்லியிருக்கலாம். பூவை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

ஜூரோங்கில் அந்தக் கடை ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. சிராங்கூன் சாலையிலிருந்து பிஐஇ விரைவுச்சாலை வழியாக இருபத்திரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். கடைக்காரர் முரளிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நான் துண்டைப் பிரித்ததும் கேமராவைத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அங்கிள், இதை மாட்ட முடியாது லா. பேட்டரி உப்பிப்போச்சு, பாருங்க. வெயில்ல நின்னா தீப்பிடிச்சிடும்."

"பரவாயில்லை. கார்டுல இருக்கறத மட்டும் எடுத்துக் குடுங்க. ஈப்போ போனது, மூவார் போனது, எல்லாம் இருக்கும்."

அவர் கார்டைத் தன் லேப்டாப்பில் செருகினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாமே போன மாசத்து வீடியோதான் இருக்கு அங்கிள்" என்றார்.

"பழசு?"

"இது லூப் ரெக்கார்டிங். கார்டு ஃபுல்லாச்சுன்னா பழசை அழிச்சிட்டு அது மேலயே எழுதிடும். டெய்லி ஓட்டினீங்களா?"

ஓட்டினேன். அவள் போன பிறகு தினமும் வேலைக்கு ஓட்டினேன், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் சும்மாவும் ஓட்டினேன். அவளை நினைத்துக்கொண்டு ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அவளை நானே அழித்திருக்கிறேன். அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முரளிக்கு விஷயம் தெரியாது. நான்தான் சொன்னேன், "என் வொய்ஃப் குரல் அதுல இருந்துச்சு. அவங்க இப்ப இல்ல."

அவர் மறுபடி லேப்டாப் பக்கம் திரும்பி, "இருங்க அங்கிள், லாக் ஆன ஃபோல்டர் ஒண்ணு இருக்கும்" என்றார். வண்டி எங்காவது பலமாகக் குலுங்கினால், விபத்தோ என்று நினைத்துக் கேமரா அந்த ஒரு நிமிடத்தை மட்டும் அழிக்காமல் தனியே எடுத்து வைக்குமாம். அதில் ஒன்பது வீடியோ இருந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக் கார் பார்க்கின் வேகத்தடை மேட்டில் நான் வேகமாக ஏறி இறங்கியதுதான் அதில் முக்கால்வாசி. முதலில் திறந்த எட்டிலும் சத்தம் இல்லை. ஊமைப் படம்.

கடைசியாக, எல்லாவற்றிலும் பழையதைத் திறந்தார். மூவார் போகும் சாலை, இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். நடுவே மல்லிகைச் சரம் ஆடுகிறது. திடீரென்று வசந்தா பேசினாள்.

"உங்க அக்கா வெக்கிற சாம்பார்ல பருப்பை டார்ச் அடிச்சுத்தான் தேடணும். நானும் இருபது வருஷமா வாயைத் திறக்காம சாப்பிடறேன்..."

டமால் என்று ஒரு பள்ளம். மல்லிகை முன்கண்ணாடியில் போய் மோதியது. கேமரா 'பீப்' என்றது.

"ஐயோ, இது பதிவாகுதா?"

"ஆகட்டுமே. யாரு கேக்கப் போறா?" இது நான்.

"உங்க அக்கா நாளைக்கே இந்தக் கார்ல ஏறுவாங்க லா. முதல்ல ஆஃப் பண்ணுங்க. எந்த பட்டன்? இதுவா?"

முன்கண்ணாடியில் அவள் வளையல் கையின் நிழல் தெரிந்தது. ஒலிப்பதிவு நிறுத்தப்பட்டது என்று கேமராவுக்குள் இருக்கும் பெண் ஆங்கிலத்தில் அறிவித்தாள். அதோடு சத்தம் நின்றது. மல்லிகை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அந்த மைக்கை யாரும் போடவே இல்லை. கேமரன் மலை, ஈப்போ, எதிலுமே அவள் குரல் இருந்திருக்காது. நான் அழித்தது வெறும் சாலைகளைத்தான். அது ஆறுதலா, இன்னும் பெரிய இழப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அங்கேயே அழுதேன். முரளி எதையோ தேடுவதுபோலப் போய்விட்டு, ஒரு பாக்கெட் டிஷ்யூவோடு திரும்பி வந்தார். அந்த வீடியோவை என் கைப்பேசிக்கும் மகளுக்கும் அனுப்பித் தந்தார்.

இனி வேலை விவரம். முன்னும் பின்னும் பார்க்கிற புதுக் கேமரா 389 வெள்ளி, பொருத்தும் கூலி 120, இரண்டு மணி நேரம். உள்ளே பேட்டரிக்குப் பதில் மின்தேக்கி (கெப்பாசிட்டர்) வைத்த கேமராவாகப் பாருங்கள், நம் ஊர் வெயிலுக்கு அதுதான் சரி. மின்சார காரில் பெரிய பேட்டரி இருந்தாலும், கேமராவுக்குப் போவது பன்னிரண்டு வோல்ட் சின்ன பேட்டரியின் மின்சாரம். கார் நிற்கும்போதும் பதிவு ஓடினால் அது வடிந்து, மறுநாள் கதவே திறக்காமல் போகலாம். ஆகவே மின்னழுத்தம் குறைந்தால் தானே நின்றுவிடும்படி வைக்கச் சொல்லுங்கள். முன்கண்ணாடியை ஒட்டிய தூணில் விபத்துக்கான காற்றுப்பை இருக்கிறது. கம்பி அதன் பின்பக்கமாகப் போகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். உத்தரவாதம் பாதிக்குமா என்று கார் விற்றவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் முரளி கேட்டார், "ஆடியோ ஆன்ல வெக்கவா, ஆஃபா? நெறைய பேரு ஆஃப்தான் கேப்பாங்க."

"ஆன்" என்றேன்.

"கேமராவுக்கு முன்னாடி பூ மட்டும் தொங்கவிடாதீங்க அங்கிள்."

சரி என்றேன். கீழே வந்து, காரில் ஏறி, பூவைக் கண்ணாடியில் கட்டினேன்.

தெம்பனிஸுக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர். மின்சார காருக்கு இன்ஜின் சத்தமும் இல்லை. வீடு வரை அந்தக் கேமரா பதிவு செய்தது ஏர்கான் காற்றை மட்டும்தான்.

பயணம் கிளம்புகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. வீடு திரும்பிய அன்றே கார்டில் இருப்பதை வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் மைக்கை அணைக்கச் சொன்னால், கொஞ்சம் வாதாடிப் பாருங்கள். யாரு கேக்கப் போறா என்று அன்று அவளிடம் கேட்டேன். தினமும் கேட்கிறேன், வசந்தா. நான்தான் கேட்கிறேன்.