கழற்றிய பின்னும் நின்ற நிழல்

எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்த தாவீதுக்கு ஊரில் ஒரே எதிரி நகைதான். பெரிய காஞ்சிபுரத்தில் பிழைப்பை வைத்துக்கொண்டு நகையோடு பகை. தண்ணீரில் இருந்துகொண்டு முதலையோடு பகை என்பார்களே, அதுதான்.

அறுபதுகளில் எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்கள் ஸ்டுடியோவுக்குப் போகிற மாதிரிதான் வருவார்கள். பட்டுப்புடவை கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, இருக்கிற சங்கிலியெல்லாம் மாட்டியிருப்பார்கள். கழுத்து வலி என்று தாமல் கிராமத்திலிருந்து வந்த செல்லியம்மாள், முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். வேலைக்குப் புதிதான தாவீது அப்படியே எடுத்துவிட்டார். ஜரிகையில் இருப்பது வெள்ளி. எலும்பை மறைத்துக்கொண்டு அதுதான் படத்தில் விழுந்தது. டாக்டர் பாஷ்யம் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கோபுர பார்டர் நன்னா வந்திருக்கு. கழுத்தைத்தான் காணலை" என்றார்.

அன்றிலிருந்து தாவீது கறாராகிவிட்டார். தாயத்து, தோடு, கொண்டை ஊசி எல்லாம் வெளியே. எச்சில் விழுங்கக் கூடாது, தலையைச் சாய்க்கக் கூடாது. தாலியில்தான் தகராறு வந்தது. கழற்றச் சொன்னால் பெண்கள் அழுவார்கள், புருஷன்மார் அடிக்க வருவார்கள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். மேஜை இழுப்பறையில் மஞ்சள் கயிறு வாங்கி வைத்தார். முதலில் புருஷன் கயிற்றைக் கட்ட வேண்டும், பிறகு தங்கத்தைக் கழற்றலாம். எக்ஸ்ரே அறையில் அப்படி நடந்த மறுகல்யாணங்களுக்குக் கணக்கே இல்லை. கிறிஸ்தவர் ஒருவர் காமாட்சியம்மன் கோயில் பக்கம் ஓயாமல் மஞ்சள் கயிறு வாங்குவதைப் பார்த்த கடைக்காரர் துரைக்கண்ணு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவருக்கு எத்தினி சம்சாரம்பா?"

ஒன்று என்றேன். நம்பவில்லை.

அந்த ஒன்றுதான் மணியம்மாள். எழுபத்திரண்டாம் வருஷம் அவளுக்குக் குரல் கம்மியது, சோறு தொண்டையில் அடைத்தது. கழுத்தைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார் பாஷ்யம். சீட்டுக் கொடுக்கிற நான்தான் அவளை உள்ளே அழைத்துப் போனேன். நூல் புடவை கட்டியிருந்தாள். காதிலும் மூக்கிலும் ஒன்றுமில்லை. சிலுவை போட்ட தங்கத் தாலியை வீட்டில் வைத்துவிட்டு, புருஷன் வாங்கிய மஞ்சள் கயிறுகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"நீங்க கழட்டச் சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்று சிரித்தாள்.

தாவீது ஃபிலிமைக் கழுவித் தூக்கினார். மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் பாக்கு அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. நகையின் நிழல் என்றால் கழற்றினால் போய்விடும். போகாவிட்டால் கட்டி.

"ஏதோ மாட்டிக்கினு இருக்குது" என்றார். கொண்டையை அவிழ்க்கச் சொல்லி மறுபடி எடுத்தார். திட்டு இருந்தது. எச்சில் விழுங்கிவிட்டாய் என்று அவளைக் கடிந்துகொண்டு எடுத்தார். இருந்தது. தலை சாய்ந்திருக்கிறது என்று மோவாயைத் தானே பிடித்து நிமிர்த்தினார். கடைசியில் அந்த மஞ்சள் கயிற்றையும் அவிழ்த்தார். வெறும் நூல் படத்தில் விழாது என்று அவருக்கா தெரியாது?

பாஷ்யம் வந்து, ஈரம் சொட்டுகிற ஃபிலிம்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தாவீது, எல்லாமே சுத்தமா வந்திருக்கு. இனிமே எடுக்க வேண்டாம். நாளைக்கே மெட்ராஸுக்கு அழைச்சுண்டு போ. ஆபரேஷன் பண்ணியாகணும்."

தாவீது கயிற்றை எடுத்து மணியம்மாள் கழுத்தில் கட்டப் பார்த்தார். ஊரிலுள்ள புருஷன்மாருக்கெல்லாம் கட்டச் சொல்லிக் கொடுத்தவருக்கு முடிச்சு விழவில்லை. அவள் தலையைக் குனிந்து காத்திருந்தாள்.

"இன்னிக்கி ஒரு நாளு" என்றார், "ஏதாவது ஒரு நகையைப் போட்டுக்கினு வந்திருக்கக் கூடாதா மணி?"