நாற்பத்து மூன்று பழுதுகளும் சுப்பராயலுவின் பெயரும்

சுப்பராயலுவுக்கு எதுவும் பிடிக்காது. ஆரணியில் இது தெரியாதவர்கள் குறைவு. காபி கொடுத்தால் முதல் வாயிலேயே மூஞ்சியைச் சுளிப்பார். கல்யாண வீட்டில் சாம்பாரில் புளி தூக்கலாக இருந்தால் பந்தி முடியும்வரை பொறுக்காமல் மாப்பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்வார். அந்தச் சுளிப்புக்குத்தான் அவருக்குச் சம்பளமே. பட்டுச் சேலை முதலாளி ஒருவரிடம் செக்கிங் வேலை. நெசவாளர்கள் கொண்டுவரும் சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விட்டுப்போன இழை, தளர்ந்த ஊடை என்கிற குறுக்கிழை, இடம் தப்பிய புட்டாப் பூ என்று ஒவ்வொன்றாகத் தேடுவார். பழுது இல்லையென்றால் சேலையோடு கட்டும் சீட்டில் தன் பெயரை முழுதாக எழுதுவார். அந்தப் பெயரைப் பார்த்தால் சென்னைக் கடைக்காரர்கள் சேலையைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

பழுது இருந்தால் சீட்டு கிடையாது, காலில் விழுந்தாலும் கிடையாது. சொந்த மச்சான் நெய்த சேலையையே ஒருமுறை திருப்பி அனுப்பினார். அவருடைய மனைவி குணசுந்தரி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

கண்ணால் பார்ப்பது பாதி வேலைதான். மீதி காதால். ஒவ்வோர் ஊடைக்கும் தறிப் பலகையை இரண்டு அடி அடித்தால்தான் நெசவு இறுகும். அவசரக்காரர்கள் ஓரடியோடு விட்டுவிடுவார்கள். தெருவில் நின்று கேட்டாலே யார் ஏமாற்றுகிறார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய செருப்புச் சத்தமும் தெருவுக்குத் தெரியும். முனையில் அது கேட்டதுமே வீட்டுக்கு வீடு அடி இரண்டிரண்டாக விழ ஆரம்பித்துவிடும். அதனால் முனையிலுள்ள பெட்டிக்கடையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு சுவரை ஒட்டி நடந்து வருவார். அந்தத் தெருக்களில் அவருக்கு விழுந்த வசவுகளை அச்சில் ஏற்ற முடியாது.

இந்த மனிதருக்கு ஒரு கம்ப்யூட்டர் கேம் பிடித்துப்போனது. அதற்குக் காரணம் நான். 2001இல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் திறந்தேன். முதலாளியின் சேலைப் படங்களை மெயிலில் அனுப்ப சுப்பராயலு வருவார். ஒரு படம் போய்ச் சேரக் கால்மணி நேரம் ஆகும். அதுவரை பக்கத்து மெஷின்களில் காலேஜ் பையன்கள் சுட்டுத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னா பாலு இது, கறிக்கடை மாதிரி கீது" என்பார்.

அவர் வாயை அடைக்கத்தான், யாரும் தொடாமல் கிடந்த ஒரு டிஸ்க்கை எடுத்துப் போட்டுக் கொடுத்தேன். கிரே லேன்டர்ன் என்று பெயர். நாங்கள் லாந்தர் கேம் என்போம். அதில் துப்பாக்கியே கிடையாது. ஒரு பழைய அரண்மனையில் காவல்காரர்கள் லாந்தரோடு சுற்றுவார்கள். யார் கண்ணிலும் படாமல், யார் காதிலும் விழாமல் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்துவர வேண்டும். மரத்தரையில் நடந்தால் ஒரு சத்தம், கல்தரையில் வேறு சத்தம். காவல்காரன் நின்று காதைச் சாய்ப்பான். ஒரு பட்டனை அமுக்கினால் நாயகன் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வான்.

அந்தப் பட்டனைக் கண்டதும் சுப்பராயலு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இத்த பண்ணவன் வேலை தெரிஞ்சவன்" என்றார். அவர் ஒன்றைப் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான்கு வருடம் சாயந்தரமானால் அந்த ஒரே கேம்தான். ஒரு காவல்காரன்கூடத் திரும்பிப் பார்க்காமல் முதலிலிருந்து கடைசிவரை போய்வருவார். பார்ப்பவனுக்குக் கொட்டாவி வரும். அவருக்கு வேர்க்கும்.

2005இல் இரண்டாம் பாகம் வரப்போகிறது என்ற செய்தியை டேவிட்ராஜ் கொண்டுவந்தார். அவர் தனியார் பள்ளி ஒன்றில் இங்கிலீஷ் வாத்தியார், லாந்தர் கேமின் இன்னொரு பைத்தியம். அந்தக் கேமுக்கு உலகமெங்கும் ரசிகர்கள் இருப்பதும், அவர்கள் பேசிக்கொள்ள ஓர் இணைய மன்றம் இருப்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. முன்னோட்டப் படம் இறங்க ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. சென்டரே கூடி நின்று பார்த்தது.

நாயகன் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு வந்தான். கல்தரையில் பூட்ஸ் காலோடு தடதடவென்று ஓடினான். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் காவல்காரர்கள்கூட அவன் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்தார்கள். பிறகு எல்லோரையும் சுட்டான். காலேஜ் பையன்கள் விசில் அடித்தார்கள்.

"சீ" என்று சொல்லிவிட்டு சுப்பராயலு வெளியே போய்விட்டார்.

மன்றத்தைத் திறந்து படித்தபோது எனக்கே குமட்டியது. ஒருத்தன் குதிரை கேட்டிருந்தான், அரண்மனைக்குள் ஓட்டுவதற்கு. இன்னொருத்தனுக்கு நாயகி வேண்டுமாம், உடுப்பு குறைவாக இருந்தால் நல்லதாம். மறைந்து நடப்பது போரடிக்கிறது, அதை எடுத்துவிடுங்கள் என்று நூறு பேர். மறைந்து நடக்கும் கேமுக்கு வந்து நடையை எடு என்பது, இட்லிக் கடைக்குப் போய் இட்லியை நிறுத்து என்கிற கதை. நல்லவிதமாக ஏதாவது எதிர்பார்த்த நாலு பேர் அந்தக் கூச்சலில் எங்கேயோ மூலையில் கிடந்தார்கள். கம்பெனிக்காரன் மட்டும் ரசிகர்கள் கேட்டதையெல்லாம் தந்திருப்பதாகப் பெருமையடித்திருந்தான்.

இரண்டு நாள் கழித்து சுப்பராயலு ஒரு நோட்டோடு வந்தார். முன்னோட்டத்தை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு, சேலையைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். ஒரு வாரத்தில் நாற்பத்து மூன்று பழுதுகள் எழுதினார். பூட்ஸ் கழற்றும் பட்டன் இல்லை. சுவர் தாண்டிக் கண் தெரிகிறவனுக்குப் பயம் எதற்கு. மூன்று அடி தூரத்தில் ஆள் ஓடுகிறான், காவல்காரன் திரும்பவில்லை. டேவிட்ராஜ் எல்லாவற்றையும் இங்கிலீஷில் போட்டு, கீழே சுப்பராயலு, ஆரணி என்று எழுதி மன்றத்தில் ஏற்றினார்.

பையன்கள் கிழவா, போய்த் தூங்கு என்று பதில் போட்டார்கள். கம்பெனியிலிருந்தும் பதில் வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்றது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும், டேவிட்ராஜுக்கும் தெரியும். சுப்பராயலுவுக்குத் தெரியவில்லை. அவர் தொழிலில் பழுதைச் சொல்லிவிட்டால் அடுத்த சேலையில் அது இருக்காது.

"சொல்லியாச்சுல்ல. சரி பண்ணிடுவான்" என்றார்.

அடுத்த வருடம் பார்சல் வந்தது. டேவிட்ராஜிடம் விலாசம் கேட்டு வாங்கி, கம்பெனியே அனுப்பிய டிஸ்க். அன்று முதலாளியிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். முன்னோட்டத்தில் பார்த்த அதே கண்றாவி முழு நீளத்துக்கு ஓடியது. பழுது ஒன்றுகூடக் குறையவில்லை, குதிரை மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தார். கடைசியில் பெயர்ப்பட்டியல் ஓடியது. அதில், இவர்களுக்கு எங்கள் நன்றி என்ற தலைப்பின்கீழ் சுப்பராயலு, ஆரணி, இந்தியா என்று வந்தது.

சென்டர் கைதட்டியது. நான் இன்னும் கேவலமாக ஒன்று செய்தேன். வெளிநாட்டுக் கேமில் நம்ம ஆரணிக்காரர் என்று வாசலில் பேனர் கட்டினேன், எல்லாம் வியாபாரத்துக்காகத்தான். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பேனரைப் பார்த்துவிட்டு குணசுந்தரி முதன்முறையாக என் சென்டருக்குள் வந்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து தறியில் உட்கார்ந்தவள். செக்கிங்காரன் பெண்டாட்டி என்பதால் தெருவில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். திரையில் புருஷன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். மறுநாளே பெரணமல்லூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டாள். தெருவிலும் சொன்னாள். அந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரிகள் அவளோடு நின்று பேசினார்களாம்.

சுப்பராயலுவோ நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"பேரு போட்டா பாஸுனு அர்த்தம், பாலு. இந்தக் குப்பையை நான் பார்த்து பாஸ் பண்ணேன்னு ஊரெல்லாம் நினைக்கும்."

"அண்ணா, அது சும்மா நன்றிக்குப் போட்டது" என்றேன்.

"நன்றிக்குப் போடறதுக்கு அது இன்னா அவன் பேரா? என் பேரு."

டேவிட்ராஜை உட்காரவைத்து எட்டு வரியில் கடிதம் எழுதினார். என் பெயரை எடுத்துவிடுங்கள், நான் இதைப் பாஸ் செய்யவில்லை. டேவிட்ராஜ் தலையில் அடித்துக்கொண்டே தட்டினார். குணசுந்தரியிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். அனுப்பு என்று டேவிட்ராஜிடம் கையைக் காட்டினார். தெருவே திட்டினாலும் அசையாத மனிதருக்கு வீட்டில் இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து கம்பெனி அந்தக் கேமுக்கு ஒரு திருத்தம் வெளியிட்டது. ஏற்றிப் பார்த்தோம். காவல்காரர்கள் அப்படியே செவிடாக நின்றார்கள். பூட்ஸ் பட்டன் இல்லை. பெயர்ப்பட்டியலில் சுப்பராயலு மட்டும் இல்லை. உலகத்திலேயே அவர்கள் காதில் விழுந்த ஒரே புகார் இதுதான் போலிருக்கிறது. எனக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது.

"ஒண்ணாவது சரி பண்ணானே" என்றார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே குணசுந்தரி வந்து நின்றாள், பெரணமல்லூர் அக்காவோடு. இருவரும் நல்ல சேலை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். சுப்பராயலு பழைய லாந்தர் கேமுக்குள் இருந்தார். குணசுந்தரி அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, பேரைப் போடச் சொன்னாள். என்ன செய்ய? பட்டியலை ஓடவிட்டேன். வரிசை வரிசையாகப் பெயர்கள் போயின. முடிந்தது.

"இன்னொரு தபா போடு, பாலு. கவனிக்கல" என்றாள் குணசுந்தரி.

திரும்பப் போட்டேன். அக்கா திரும்பித் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். நாலாம் நம்பர் மெஷினில் திருத்தம் ஏற்றாத இரண்டாம் பாகம் அவர் பெயரோடு அப்படியே இருந்தது. சுப்பராயலுவுக்குக் கண்ணைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்தார்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார்.

குணசுந்தரிக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குனு ஊர்ல இருந்தது அந்த ஒரு பேச்சுதான். அதுவும் பொறுக்கலையா உங்களுக்கு? அப்படி இன்னா கேவலம் கீது அதுல?"

அவர் அவளைப் பக்கத்து மெஷினில் உட்காரவைத்து, ஹெட்போனை அவள் காதில் மாட்டினார். இரண்டாம் பாகத்தைத் திறந்து நாயகனைக் கல்தரையில் ஓடவிட்டார். தடதடவென்ற சத்தம் எங்களுக்கே கேட்டது. காவல்காரன் கைக்கெட்டும் தூரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுப்பராயலு அவனைச் சுற்றி மூன்று முறை ஓடவிட்டார்.

குணசுந்தரி முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையின் அருகே குனிந்தாள்.

"இந்தாளுக்குக் காது கேக்காதா?"

"கேக்காது. அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கான்."

"பொம்மைதானே, குணா" என்றாள் அக்கா.

குணசுந்தரி ஹெட்போனைக் கழற்றி, அழுக்குத் துணியைப் போடுவதுபோல மேஜையில் போட்டாள். கல்யாண சாம்பாருக்கு அவர் சுளிப்பாரே, அதே சுளிப்பு அவள் முகத்தில் வந்திருந்தது.

"இந்தக் கர்மத்துலயா உங்க பேரு இருந்தது? இத்தயா நான் தெருத்தெருவா சொல்லிகினு திரிஞ்சேன்? முன்னாடியே காட்டியிருந்தா எடுக்கச் சொல்லி நானே கையெழுத்து போட்டிருப்பேனே."

சுப்பராயலு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் சுளிப்பு இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.