காலரில் இரண்டு புள்ளி, ஒரு கோடு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. 1996, ஆடி மாதம், அபிராமபுரத்தில். தேதி போட்ட டாக்டர் சீட்டு மதுவந்தியின் பீரோவில் இன்றும் இருக்கிறது. யாராவது சிரித்தால் அதை எடுத்து நீட்டுவாள். அதன் பிறகு யாரும் சிரித்ததில்லை.

மதுவந்தி லேசில் பயப்படுகிறவள் இல்லை. புள்ளியியலில் எம்.எஸ்ஸி. படித்தவள். அண்ணா சாலையில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. கணவர் ஜெயராம் மஸ்கட்டில் இருந்தார். மகள் அனன்யாவுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. அந்த ஜூன் மாதம்தான் அம்மாவும் பெண்ணும் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் கடைசி மாடிக்குக் குடி வந்திருந்தார்கள். தலைக்கு மேலே மொட்டை மாடி. துணி காயப் போட வசதி என்றுதான் அந்த வீட்டையே பிடித்தாள்.

குடி வந்த கையோடு வாஷிங் மெஷின் வாங்கி, அதற்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்தாள். அதுவரை துணி துவைத்துக் கொடுத்த முனியம்மாள் இனி பாத்திரம் மட்டும் தேய்த்தால் போதும் என்றாகிவிட்டது. முனியம்மாளுக்கு முகம் தொங்கித்தான் போனது. ஆனாலும் மனசு கேட்காமல் ஒன்று சொன்னாள்.

"மெஷின்ல போடு, இன்னா வேணா பண்ணு. கொயந்தை துணிய மட்டும் வெளக்கு வெச்சதுக்கு அப்பால மேல காய உடாதம்மா."

"ஏன்?"

"உடக் கூடாது. அவ்ளோதான்."

மதுவந்தி சிரித்துவிட்டாள். அவள் பிறந்த வீட்டில் துணிக்கு இல்லாத சட்டமா? மடித் துணிக்குத் தனிக் கொடி, அதை எடுக்கத் தனிக் கொம்பு, தொட்டால் மறுபடி நனை. கல்யாணம் ஆனதும் அத்தனைக்கும் ஒரு கும்பிடு போட்டவள் அவள். போதாக்குறைக்கு அந்தக் கட்டடத்தில் மோட்டார் போடுவதே மாலை ஆறு மணிக்குத்தான். அவள் ஆபீசிலிருந்து வருவதும் ஆறு மணிக்கு. விளக்கு வைப்பதற்குள் துவைத்து, காயவைத்து, எடுத்தும் விட வேண்டுமென்றால் வேலையை விட வேண்டியதுதான். அதனால் ராத்திரி முழுக்கத் துணி கொடியில் கிடக்கும். விடிந்ததும் போய் எடுப்பாள். தப்பென்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. மாலை 6.50க்குத் துணி உலர்த்தினாள். அவளுடைய புடவை இரண்டு, ஒரு போர்வை, அனன்யாவின் யூனிஃபார்ம் சட்டை, இரண்டு கவுன். எல்லாவற்றுக்கும் கிளிப் போட்டாள்.

மறுநாள் காலை 5.40க்கு எடுக்கப் போனாள். எல்லாம் போட்ட இடத்தில் இருந்தன. அனன்யாவின் துணிகள் மட்டும் உள்பக்கம் வெளியே திருப்பப்பட்டிருந்தன. காலரின் உள்பட்டை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காற்று என்று நினைத்துக்கொண்டாள். காற்று சட்டையைத் திருப்பும், சரி... கிளிப்பைக் கழற்றித் திரும்பப் போடுமா? பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அதை அவள் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. ராத்திரி நல்ல தூறல். புடவையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. பக்கத்திலேயே அனன்யாவின் சட்டை. ஒரு பொட்டு ஈரமில்லை. விறைப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள். கஞ்சி. லேசாகப் புளித்த சோற்றுக் கஞ்சி வாசனை. அவள் வீட்டில் கஞ்சி போடும் வழக்கமே கிடையாது.

கீழ் வீட்டு டோரதி டீச்சரிடம் விசாரித்தாள்.

"நானா? என் துணியை எடுக்கவே எனக்கு நேரமில்ல மதுவந்தி."

திங்கள்கிழமை குறி வந்தது.

காலரின் உள்பட்டையில். கறுப்பாக. இரண்டு புள்ளி. அவற்றுக்குக் கீழே ஒரு கோடு. சலவைக்குப் போடும் துணியில் அடையாளத்துக்கு மையால் போடுவார்களே, அந்த மாதிரி. சோப்பு போட்டுத் தேய்த்தாள், ப்ளீச்சில் ஊறவைத்தாள். துணிதான் நைந்தது.

செவ்வாய் முழுக்க அனன்யா பின்கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள். புதன்கிழமை கொப்புளம். டாக்டர் சிதம்பரநாதன் கழுத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்.

"சேராங்கொட்டை மை. துணியில குறி போடறது. சில பேர் தோலுக்கு ஒத்துக்காது, பட்ட இடம் வெந்துடும். எந்தச் சலவைக்காரர்கிட்ட போடறீங்க?"

"யார்கிட்டயும் இல்ல டாக்டர். ஆத்துலயே மெஷின் இருக்கு."

அவர் பேனாவை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார்.

"துணியில இருந்து பட்டிருந்தா மங்கலா, திட்டுத்திட்டா இருக்கும். இது நேரா தோல்லயே போட்ட மாதிரின்னா இருக்கு."

மதுவந்தியும் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். இரண்டு கொப்புளம். கீழே ஒரு கோடு.

அவளுக்குக் கோபம் முனியம்மாள் மேல்தான் திரும்பியது. வேலையைப் பிடுங்கிய ஆத்திரத்தில் குழந்தையிடமா காட்டுவது? வியாழக்கிழமை காலை பாத்திரம் தேய்க்க வந்தவளைப் பிடித்துக்கொண்டாள். முனியம்மாள் முதலில் கத்தினாள்.

"நான் இன்னாத்துக்கும்மா அப்படிப் பண்றேன்? நானும் புள்ள பெத்தவதானே?"

பிறகு அனன்யாவின் முடியை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தாள். அவள் சத்தம் அடங்கிவிட்டது.

"ஒரு ஜட்டி கூட மேல போவக் கூடாது. கேட்டுக்கினியா? ஒரு ஜட்டி கூட."

பாதிப் பாத்திரத்தைப் போட்டபடி போனவள், மறுநாள் வரவில்லை.

மதுவந்திக்கு வீம்பெல்லாம் போயிருந்தது. பயமாக இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது. ஜெயராமுக்கு ஃபோன் போட்டு என்னவென்று சொல்வது? கொடியில் காய்ந்த சட்டை குழந்தையைக் கடித்துவிட்டதென்றா? அன்றே கூடத்தில் குறுக்கே ஒரு கயிறு கட்டினாள். அனன்யாவின் துணி இனி இங்கேதான்.

ஜூலை 26. ஆடி வெள்ளி. எங்கோ ஒரு அம்மன் கோயிலில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. அனன்யாவின் துணிகளைக் கூடத்துக் கயிற்றில் போட்டாள். ஆறு உருப்படி. அனன்யா அதன் கீழே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டது மதுவந்திக்கு நன்றாக நினைவிருக்கிறது. விளக்கேற்றிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

மணி 6.47. கரண்ட் போனது. ஸ்பீக்கரும் நின்றது.

"அனன்யா, அங்கேயே இரு. அம்மா மெழுகுவத்தி கொண்டு வரேன்."

தீப்பெட்டியைத் தடவித் தேடினாள்.

தலைக்கு மேலே ஒரு சத்தம்.

தொப்...

தொப்...

தொப்...

ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். அந்த மொட்டை மாடியில் துவைக்கிற கல் கிடையாது.

மெழுகுவத்தியோடு கூடத்துக்கு வந்தாள். கயிறு காலியாக இருந்தது. ஒரு துணி இல்லை. கிளிப் கூட இல்லை. தரையில் கலர் பென்சில்கள் கிடந்தன. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது.

அனன்யா இல்லை.

மேலே அடிக்கிற சத்தம் நின்றது. பிழிகிற சத்தம் வந்தது. தண்ணீர் தரையில் கொட்டியது. சொர்ர்ர்...

ஓடினாள். படியெல்லாம் ஈரம். கால் வழுக்கி முட்டி அடிபட்டது. எழுந்து ஓடினாள்.

மணி 6.52. இன்னும் முழுதாக இருட்டவில்லை. சாம்பல் வெளிச்சம்.

கொடியில் துணிகள் வரிசையாகத் தொங்கின. அனன்யாவின் துணிகள். எல்லாம் உள்பக்கம் வெளியே.

எண்ணினாள்.

ஒன்று... இரண்டு... ஆறு.

ஏழு.

ஏழாவது கவுனுக்குக் கீழே கால்கள் இருந்தன.

கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல், நுனிக்காலில் அனன்யா நின்றுகொண்டிருந்தாள். கவுனின் இரண்டு தோளும் கொடியோடு சேர்த்துக் கிளிப் போடப்பட்டிருந்தன. வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் இரண்டு. தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்டியது. கண் திறந்தே இருந்தது.

"அனன்யா!"

"அசையாதேன்னு சொன்னா, அம்மா."

"யாரு? யாருடி சொன்னா?"

"மாமி. காய்ஞ்சதும் அழைச்சுண்டு போறேன்னு சொன்னா."

மதுவந்தி கிளிப்புகளைப் பிய்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது வரவில்லை.

இழுத்தாள்.

மறுபக்கமும் இழுத்தது.

கவுனைக் கிழித்தாள். குழந்தையை வாரிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கீழே ஓடி டோரதி டீச்சர் கதவை உதைத்தாள்.

அன்று ராத்திரி அனன்யாவுக்கு 104 டிகிரி ஜுரம். டோரதி டீச்சர்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உடம்பில் எங்கு முகர்ந்தாலும் கஞ்சி வாசனை. நர்ஸ் இரண்டு தடவை துடைத்துவிட்டும் போகவில்லை. குழந்தை போய்விடுவாள் என்றே மதுவந்தி நினைத்தாள். ஐந்தாம் நாள் ஜுரம் இறங்கியது. கண்ணை விழித்துத் தயிர் சாதம் கேட்டாள். மதுவந்தி அந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேறு வீடு. சாமான்களை டோரதி டீச்சரே கட்டி அனுப்பினார். கொப்புளம் ஆறியது. தழும்பு மட்டும் போகவில்லை.

டிசம்பரில் அந்தத் தெருவுக்கு ஒரு தடவை போக வேண்டி வந்தது, பழைய விலாசத்துக்கு வந்திருந்த கடிதங்களை டோரதி டீச்சரிடம் வாங்க. பட்டப்பகல், மணி 11.20. தெருமுனையில் அய்யாதுரையின் இஸ்திரி வண்டி நின்றது. முப்பது வருஷமாக அந்தத் தெருவில் இருப்பவர். மதுவந்திக்கு மனசு ஆறவில்லை. ஒரு காகிதத்தில் இரண்டு புள்ளியும் கோடும் போட்டு நீட்டினாள்.

அய்யாதுரை இஸ்திரிப் பெட்டியைத் துணியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார்.

"இது எங்க நைனா போட்ட குறிம்மா. இப்ப நீங்க இருந்த ஃப்ளாட் கீதே, அங்க முன்னாடி ஒரு பங்களா. அந்த வூட்டுக் குறி. வூட்டுக்கு ஒரு குறி போடுவோம். எங்க கலந்தாலும் அந்த வூட்டுக்கே திரும்பிப் போவணும்ல."

"அங்கே யார் இருந்தா?"

"ஒரு மாமி. தனியா. வாராவாரம் கொயந்தைங்க துணி சலவைக்குப் போடும். ஒரு வாரம் சின்ன சைஸ், ஒரு வாரம் பெருசு. ஒரு ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி இன்னொண்ணு இருக்காது."

"அவாளுக்கு எத்தனை குழந்தைகள்?"

"கொயந்தையே கெடையாதும்மா. அந்த வூட்ல ஒரு கொயந்தைய நாங்க யாரும் பார்த்ததில்ல."

மதுவந்தி வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"துணி விஷயத்துல ரொம்பக் கறார். ஒருவாட்டி ஒரே ஒரு சட்டை தவறிப் போச்சு. எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. மூணு நாள். ஒண்ணும் பேசல, ஒக்காரல. எங்கயோ கலந்துபோன சட்டைய நைனா தேடிக் கண்டுபுடிச்சு அது கைல குடுத்தப்புறம்தான் போச்சு. பங்களா இடிக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே செத்தும் போச்சு."

"அய்யாதுரை... இந்தக் குறி இப்போ என் பொண்ணு கழுத்துல இருக்கு. அழியல. நாங்க இப்போ இருக்கறது—"

அய்யாதுரை சட்டென்று இரண்டு கையையும் தூக்கித் தடுத்தார்.

"வேணாம்மா. எங்க குடியிருக்கீங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க. ஆடியிலேர்ந்து அது எங்க வூட்டு வாசல்லதான் நிக்குது."