கால்வாயை மூடிய முனியாண்டி மேடை

மழைத் தண்ணீர் என் வீட்டுக்குள் ஏறினால் துடைப்பத்தோடு முதலில் ஓடிவருபவர் பக்கத்து வீட்டு முத்தம்மா அக்காதான். செமோர் பக்கம் எங்கள் குடியிருப்பான தாமானில் என் வீடுதான் தாழ்வு. அக்கா மெத்தையைத் தூக்குவார், சேற்றை வழிப்பார். தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய கைகள், சீக்கிரம் ஓயாது. "அழாத கலா, முனியாண்டி பார்த்துக்குவாரு" என்பார்.

அந்த முனியாண்டிக்கு மேடை கட்டியவரும் அவரே. அவர் கணவர் உடையப்பன் அண்ணன் மலையிலிருந்து காய்கறி லோரி ஓட்டுபவர். ஒருமுறை தாப்பா மலை இறக்கத்தில் லோரி கவிழ்ந்தும் கீறல்கூட இல்லாமல் எழுந்து வந்தார். அக்கா அதற்காக நேர்ந்துகொண்டு, வாசல் முழுக்க சிமெண்டு பூசி, வாசலோரக் கால்வாயையும் மூடி, அதன் மேலேயே மேடை எழுப்பி, முனியாண்டியாக ஒரு வேல் நட்டார்.

இந்த வருடம் நகர மன்றம் கட்டட விதிகளை மாற்றியது. வாசலில் ஒரு பங்கு மண்ணாகவே இருக்க வேண்டும், கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்க வேண்டும், கால்வாயை மூடக்கூடாது. வீடு வீடாகப் பார்த்துவந்த அதிகாரி புனிதா, மேடைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஆன்ட்டி, அடியில சின்னக் குழாய்தான் போட்டிருக்காங்க. மேல உள்ள வீட்டு வாசலெல்லாம் சிமெண்டு. அந்தத் தண்ணி மொத்தமும் இங்க வந்து முட்டி, பக்கத்து வீட்டுல ஏறுது."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"என் வீட்டுத் தண்ணியையா நான் இத்தன வருசம் கூட்டித் தள்ளுனேன்?"

"வேணாங்க்கா, சாமி மேல கைய வைக்காதீங்க. எனக்குத் தண்ணி பழகிப்போச்சு" என்றேன்.

"பழைய வீட்டுக்கெல்லாம் டைம் இருக்கு ஆன்ட்டி, மெதுவா செய்யலாம்" என்றார் புனிதா.

மறுநாள் காலை, அண்ணன் மலையில் இருக்கும்போதே, அக்கா தலைக்குக் குளித்து, சூடம் காட்டி, மேடையிலிருந்த வேலைப் பிடுங்கிவிட்டார். ஈரத் துணியோடு அதைத் தூக்கிக்கொண்டு என் கேட்டில் நின்றதைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது.

"கலா, உன் வாசல்தான் மண்ணா இருக்கு. பப்பாளி மரத்துப் பக்கம் ஒரு இடம் குடு."

"அண்ணன் ரோட்டுல இருக்காருக்கா! அவர் வந்ததும் கேட்டுட்டு..."

"கேட்டா விடமாட்டாரு. அவர் லோரி வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உசுரு இல்ல. பேசாம குழிய வெட்டுலா."

வெட்டினேன். அக்கா அதில் வேலை நட்டார். அந்தப் பக்கம் அக்கா வரச்சொன்ன வேலையாட்கள் மேடையை உடைக்க, ஒவ்வொரு அடிக்கும் அக்கா கண்ணை மூடினார். சாயந்திரம் மழை பிடித்தது. திறந்த கால்வாயில் தண்ணீர் இரைந்து ஓடியது. என் வாசல்படி நனையவே இல்லை. அதைப் பார்க்கக்கூட எங்களுக்கு மனம் இல்லை. இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தினமும் பாடும் பதிகம் எனக்கு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. "முருகா, முருகா" என்பது மட்டும்தான் வந்தது.

ஒருவழியாக லோரி வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். உடைந்த இடத்தைப் பார்த்தார்.

"முனியாண்டி எங்கடி?"

அக்கா என் வாசலைக் காட்டினார்.

"ஊட்ட விட்டே தொரத்திட்டியா? நான் எறக்கத்துல வர்றப்பவா?"

"கலா ஊட்டுத் தண்ணி நம்மளாலதாங்க" என்று சொன்ன அக்கா, நனைந்த சாலையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

அண்ணன் வெகுநேரம் கால்வாயைக் குனிந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு என் கேட்டுக்கு வந்தார்.

"கலா, உள்ள வரலாமா? சாமி கும்பிடணும்."

தன் சாமியைக் கும்பிட என்னிடம் கேட்டு நிற்கிறார் அந்த மனிதர். கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.